நிழல் வேலை

திருப்பி அனுப்பப்பட்ட சட்டை, அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையின் மேல் கிடந்தது. உடல் ஒரு நீலம், கைகள் வேறொரு நீலம். தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். இப்படி நாலாயிரம் சட்டைகள் கிடங்கில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன.

"இந்தத் துணி உங்க மேசையைத் தாண்டித்தானே வெட்டுறதுக்குப் போச்சு?" என்று கேட்டார் மேலாளர்.

"ஆமா சார்."

"ரெண்டு சுருளும் ஒரே நிறம்னு சீட்டு ஒட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ உங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

கண் அங்கேதான் இருந்தது. முதல் சுருளைப் பார்த்துவிட்டு இரண்டாவதை விரிப்பதற்குள், முதல் நீலம் எப்படி இருந்தது என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது.

அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் கழுகு. இருபத்திரண்டு வருடமாகத் துணி பரிசோதிக்கிறாள். ஓடுகிற துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அவள் கை தானாகப் போய்ச் சிவப்புச் சீட்டை ஒட்டிவிடும். சின்னப் பெண்கள் அவளைக் 'கழுகக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் ஏகப் பெருமை.

மேலாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'உடல்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்.' தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அவளுடைய சொந்த விருப்பம் என்னவென்று அவளுக்கு முன்பே அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது!

"மாசக் கடைசி வரைக்கும் டைம் எடுத்துக்குங்கம்மா. வயசானா மூளை மழுங்கறது சகஜம்தான்."

அவளுக்கு வயது நாற்பத்திநான்கு. சொன்னவருக்கு ஐம்பத்தொன்று.

வீட்டில் கணவன் கொத்தனார். நாள் முழுக்கச் சாரத்தின் மேல் நின்று வெந்து வருகிறவன். அவள் சோர்வு என்று சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வரும்.

"நான் வெயில்ல வறுபட்டு வர்றேன். நீ ஏசியில உட்கார்ந்துட்டு உடம்பு வலிங்கறே. கல்யாணத்தப்போ இருந்ததைவிட இன்னும் வெளுத்திருக்கே, அதைப் பார்த்துச் சந்தோஷப்படு."

ஊரே அப்படித்தான் பேசியது. நிழலில் வேலை, கறுக்காத வேலை, அதிர்ஷ்டக்காரி. அவளும் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாலும் குடையும் முழுக்கைச் சட்டையுமாகத்தான் போவாள். ஆனால் ஒரு வருடமாகத் தொடை கனத்துக் கிடந்தது. பேருந்துப் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. பதினைந்து வருடமாகப் பக்கத்து மேசையில் இருப்பவளின் பெயர் ஒருநாள் அரைமணி நேரம் நினைவுக்கே வரவில்லை.

விலகல் தாளைப் பார்த்த அன்று கணவன் சிரிக்கவில்லை.

"என்கிட்டயே நேத்து மூணு தடவை ஒரே கேள்வியைக் கேட்டே. நான் விளையாட்டுன்னு நினைச்சேன். வா, டாக்டர்கிட்ட போகலாம்."

பொது மருத்துவமனை மருத்துவர் அவளை உட்காரவைத்து, எழச் சொன்னார். கைப்பிடியை ஊன்றாமல் அவளால் எழ முடியவில்லை. ரத்தத்தில் நாலைந்து விஷயங்களைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தபோது மற்றவை சரியாக இருந்தன. ஒன்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

"வைட்டமின் டி. இருபதுக்குக் கீழ போகவே கூடாது. உங்களுக்கு ஆறு. நீங்க வெயிலையே பார்க்கறது இல்லையா?"

"இருட்டோட கம்பெனி பஸ் வந்துடும். ஏழுலேர்ந்து ஏழு வரைக்கும் வேலை. எங்க ஹால்ல ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். பகல் வெளிச்சம் பட்டா நிறம் மாறித் தெரியும்ல."

"மறதிக்கும் இதுதான் காரணமா டாக்டர்?" என்று கேட்டான் கணவன்.

"இது ஒண்ணுதான்னு சொன்னா அது பொய். ஆனா எல்லாரும் நினைக்கிற மாதிரி இது எலும்புக்கு மட்டும் ஆன சத்து இல்லை. மூளைக்கும் வேணும், பொறந்ததுலேர்ந்து கடைசி வரைக்கும். இது ரொம்பக் குறைஞ்சு இருக்கறவங்களுக்கு வயசான காலத்துல மறதி நோய் அதிகமா வருதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. ஏன்னு முழுசா இன்னும் பிடிபடலை. பிடிபடற வரைக்கும் குறைச்சலாவே விட்டு வைக்கணுமா?"

வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். சீக்கிரம் சரியாகட்டும் என்று தினமும் போட்டுவிடக் கூடாது, அளவு மீறினால் அதுவே விஷம் என்று இரண்டு முறை சொன்னார். மத்தியான வெயிலில் கொஞ்ச நேரம் கையும் முகமும் படும்படி நிற்க வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

"கால் வலி ரெண்டு மூணு மாசத்துல குறையும். மறதி எவ்வளவு சரியாகும்னு என்னால உறுதி தர முடியாது. மத்தியானம் சாப்பிடற நேரத்துலகூடவா வெளிய விடமாட்டாங்க? யாரும்மா இப்படி ஒரு விதி போட்டது?"

கழுகு மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த விதியைக் கேட்டு வாங்கியவள் அவளே.

பத்து வருடங்களுக்கு முன் பரிசோதனைப் பிரிவுப் பெண்கள் மொட்டை மாடியில்தான் சாப்பிட்டார்கள். வெயிலிலிருந்து திரும்பி வந்ததும் கால்மணி நேரத்துக்குக் கண் கூசும், நிறம் பிசகும். அதைக் கண்டுபிடித்தது கழுகுதான். வேலை நேரத்தில் யாரும் வெளியே போகாமல் இருந்தால் தவறுகள் குறையும் என்று எழுதியும் கொடுத்தாள். கைதட்டி, மேடையேற்றி, பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். மறுநாள் மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டார்கள். தன் கண்ணின் மேல் இருந்த திமிரில் பதினான்கு பேரை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள்!

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று அவளுக்கு வந்த கோபத்தில் பாதி தன் மேல். மீதிப் பாதிக்கு உரியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவளாவது அதிகம் படிக்காதவள், தெரியாமல் சொன்னாள். உற்பத்திக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு மனித உடம்பு வெயில் படாமல் பத்து வருடம் இருக்குமா என்று ஒருவரிடமாவது கேட்கத் தோன்றவில்லையே! துணிச் சுருளைப் பூஞ்சை பிடிக்காமல் காக்க ஒரு ஆளும் ஒரு கருவியும் உண்டு. சுருளைப் புரட்டுகிறவளைக் காக்க யாரும் இல்லை.

மறுநாள் அவள் விஷயத்தை மற்ற பெண்களிடம் சொன்னாள். முதலில் சிரித்தது, சேர்ந்து இரண்டே வருடமான கடைக்குட்டி. இருபத்தொரு வயது.

"வெயில்ல நின்னா கறுத்துப் போயிடுவேனே கழுகக்கா!"

"கறுத்தா கறுத்துட்டுப் போ. ரெண்டு நாளா சீட்டைத் தலைகீழா ஒட்டிட்டு இருக்கியே, அது ஏன்னு தெரியுமா உனக்கு? எனக்கு வந்தது வயசுன்னாங்க. உனக்கு வந்ததுக்கு என்ன பேர் வைப்பாங்க?"

சிரிப்பு நின்றது. கால் வலி இருக்கிறது என்றாள் ஒருத்தி. எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் அதைத் தங்கள் சொந்தச் சோம்பல் என்றே நினைத்து மறைத்து வைத்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கழுகு பதின்மூன்று பேரையும் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அவளையும் சேர்த்துப் பதினான்கில் பன்னிரண்டு பேருக்கு அளவு குறைவு. எல்லாரிலும் குறைவு கடைக்குட்டிக்கு. ஐந்து.

மாதக் கடைசி நாளன்று மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கழுகு பதினான்கு ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அவர் முன் வைத்தாள். விலகல் தாளையும் வைத்தாள். அதில் கையெழுத்து இல்லை. மத்தியானம் மாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்றாள்.

மேலாளர் நாலைந்தைப் புரட்டினார். "சரி, எல்லாருக்கும் மாத்திரை வாங்கித் தரச் சொல்றேன். மாடி மட்டும் முடியாது. உற்பத்தி என்னாகறது? வெளிய போகக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே? ஃபைல்ல இன்னும் இருக்கு."

"இருக்கட்டும் சார். என் மடத்தனத்துக்குச் சாட்சியா இருக்கட்டும். கண்ணு கூசும்னு சொன்னேன், கால்மணி நேரத்துல அடங்கிடும்னும் அதுலயே எழுதியிருக்கேன். அந்தக் கால்மணி நேரத்தைத்தான் நீங்க மிச்சம் பிடிச்சீங்க. நாளைலேர்ந்து மத்தியானம் நாங்க மேல போவோம். திரும்பி வந்து கால்மணி நேரம் உட்கார்ந்துட்டுத்தான் துணியைத் தொடுவோம்."

"முடியாதுன்னா?"

"வெளிய பாருங்க சார்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பதின்மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். பரிசோதனை மேசைகள் அத்தனையும் காலி. வெட்டும் பிரிவிலிருந்து, துணி வரவில்லை என்று தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. மேலாளர் அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அடிக்க விட்டார். பிறகு சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். விலகல் தாளை மடித்து இழுப்பறைக்குள் தள்ளினார்.

"இவ்வளவு நாள் வேலை பார்த்திருக்கீங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், பெரிய மனது பண்ணுகிறவர் போல.

கழுகு சாவியை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது சார், தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேட்டிருக்கலாம். என் கண்ணு எங்க இருந்துச்சுன்னு கேட்டீங்க, நான் பகல்ல எங்க இருந்தேன்னு கேட்கலை. வெயில் எலும்புக்கு மட்டும் இல்லை சார், மூளைக்கும் வேணும். இருபது வயசுலயும் வேணும், எண்பது வயசுலயும் வேணும். ஒருத்தருக்கு மறதி வந்துடுச்சுன்னு வெளிய தள்றதுக்கு முன்னாடி, அவங்களை எத்தனை வருஷம் உள்ள அடைச்சு வெச்சிருந்தோம்னு எண்ணிப் பாருங்க."