ஒரே சமையல்

செல்லியம்மாளும் துளசியும் பேசி ஆறு மாதம் ஆகிறது. ஓரகத்திகள் முறைத்துக்கொள்வது உலகத்தில் புதுசில்லை. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே இருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் ஆறு மாதம் தள்ளியவர்கள் முசரவாக்கத்தில் இவர்கள் இரண்டு பேர்தான்.

எல்லாம் ரேஷன் கார்டால் வந்தது. வீட்டுக்கு ஒரே கார்டு, அதில் குடும்பத் தலைவி மூத்தவள் செல்லியம்மாள். அதனால் மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் அவள் கணக்கில் விழுந்தது. இளையவள் துளசியின் புருஷன் விமல்ராஜ் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரகடத்தில் கம்பெனி வேலை என்று போனவன், போனவன்தான். துளசி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நாள் முழுக்க நின்று, கல்யாண வீட்டார் கலைத்துப் போட்ட புடவைகளை மடித்து வைத்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். சின்னவன் கமலுக்குக் காதில் சீழ் வைத்தபோது, டாக்டரிடம் போக அந்த உரிமைப் பணத்தில் கொஞ்சம் கேட்டாள்.

"ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு இன்னாடி உரிமை?" என்றாள் செல்லியம்மாள்.

அந்த வாரமே துளசி பின்பக்கச் சாய்ப்பில் சின்ன சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வாங்கி வைத்துத் தனியாகப் பொங்க ஆரம்பித்தாள். தனி கார்டுக்கு மனுவும் போட்டாள். கார்டு வந்தால் அரிசி, பருப்பு, உரிமைத் தொகை எல்லாம் அவள் பெயருக்கே வரும். யாரிடமும் கையேந்த வேண்டாம். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சமையல் தனித்தனியாகத்தான் நடக்கிறதா என்று அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும் என்றார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வருவதாக அவர் துளசிக்கும், குடும்பத் தலைவி என்பதால் செல்லியம்மாளுக்கும் போன் செய்தார். துளசி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினாள். அவள் வந்து இறங்கும்போதே வாசலில் அதிகாரியின் பைக் நின்றது. உள்ளேயிருந்து கோழிக்குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. வியாழக்கிழமை கறி எடுக்கிற வீடா இது? துளசி வேகமாக உள்ளே போனாள்.

செல்லியம்மாளின் சமையலறையில் துளசியின் மகள் தீபிகாவும் கமலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாக அந்த வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று விரட்டப்பட்ட பிள்ளைகள். ஆடு பகை, குட்டி உறவு என்பார்கள். செல்லியம்மாளுக்கு அந்த உறவு அன்றைக்கு மட்டும், அதிகாரி வருகிற நேரம் பார்த்துப் பொங்கியது.

"என் கையால போட்டாதான் சார் இதுங்களுக்குச் சோறே எறங்கும்," என்றாள், கமலின் தட்டில் இன்னொரு துண்டை வைத்துக்கொண்டே.

"பொய் சார்," என்றாள் துளசி. "பின்னால என் அடுப்பு இருக்குது. வந்து பாருங்க."

"அது வெந்நி வைக்கிறதுக்கு சார்."

அதிகாரி சாய்ப்பை எட்டிப் பார்த்தார். காலையில் அவசரமாகக் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் இரண்டே இரண்டு இருந்தன. திரும்பி வந்து தீபிகாவிடம் குனிந்தார். "தினமும் யாரும்மா சோறு போடறாங்க?"

எட்டு வயசுப் பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கமல், "பெரிம்மா," என்றான், வாய் நிறையச் சோற்றோடு.

"ஒரே சமையல்தாம்மா," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அதிகாரி. "இப்ப முடியாது. அப்புறமா மறுபடியும் மனு போடுங்க."

அவர் போனதும் துளசி பிள்ளைகளை அடிக்கக் கை ஓங்கினாள். தீபிகா விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் கடைசியாகக் கோழி தின்றது எப்போது என்று யோசித்ததும் துளசிக்கு ஓங்கிய கை இறங்கிவிட்டது. சாய்ப்பில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு வேறொன்று தோன்றியது. எழுந்து முகம் கழுவினாள்.

விளக்கு வைத்த பிறகு, செல்லியம்மாள் தன் புருஷன் துரைக்கண்ணுவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். துளசி மூன்று தட்டுகளோடு உள்ளே வந்தாள். பிள்ளைகளை உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள்.

"எதுக்குடி வந்துக்கினு இருக்கிற?" ஆறு மாதத்துக்குப் பிறகு செல்லியம்மாள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சோத்துக்குத்தான் அக்கா."

"உனுக்குத்தான் அடுப்பு இருக்குதே."

"அது வெந்நி வைக்கிறதுக்கு. நீங்கதானே சொன்னீங்க." துளசி தட்டை முன்னால் தள்ளினாள். "காலையில இட்லி போதும். புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல மத்தியானச் சோறு போட்டுடுவாங்க, எனுக்கு மட்டும் டப்பா கட்டிடுங்க. ராத்திரிக்கு மூணு பேரும் வந்துடுவோம்."

"முடியாதுன்னா?"

"அந்த சாரு நம்பரு என்கிட்ட இருக்குது. நமக்கு ரெண்டு சமையல்னு நீங்களே போன்ல சொல்லிடுங்க. நாளைக்கே எனுக்குக் கார்டு வந்துடும்."

துரைக்கண்ணு தலையைத் தூக்காமலே, "போடு," என்றார்.

செல்லியம்மாள் போட்டாள். கரண்டி தட்டில் மோதிய சத்தம் அண்டை வீட்டுக்குக் கேட்டிருக்கும். துளசிக்கு மட்டும் கறி இல்லை, வெறும் குழம்புதான். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பு, காரம், மசாலா எல்லாம் அளவாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாத ஆத்திரமாக இருந்தது. குனிந்தபடியே சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.