கல்லறைத் தோட்டத்து டிராக்டரும் ஒரு சந்தேகமும்

எப்பே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் டிராக்டரில் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. சிட்செலுக்கு அந்தக் கணக்கு தப்பாகவே படவில்லை.

யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில், காற்று ஓயாத ஊர் அது. தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம் சிட்செலின் பொறுப்பு. குழி வெட்டவும் பனி தள்ளவும் இருந்தது ஒரே ஒரு குட்டி டிராக்டர். முன்னால் மண் அள்ளுகிற பக்கெட். அதைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் எண்ணெயைத் திங்கட்கிழமை காலையில், இஞ்சினை முடுக்கும் முன்பே பார்த்துவிடுவாள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அளவுக்குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுப்பாள். வருஷக்கணக்காக இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்ற எண்ணெய், இந்தக் குளிர்காலத்தில் கீழ்க்கோட்டையே எட்டவில்லை. ஊற்றினாள். அடுத்த வாரமும் அதே கதை.

கசிந்தால் கறை தெரிய வேண்டுமே. அடியில் அட்டை விரித்து வைத்தாள். ஒரு சொட்டு இல்லை. குழாய்களை விரலால் தடவினாள். எல்லாம் காய்ந்து கிடந்தன.

எப்பே மீன்பிடிப் படகை விற்றுவிட்டு வந்தவர். அவளைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார். வீட்டில் ஒரு பழைய டிராக்டர் வைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு நாள் மாலை அவர் தன் கார் டிக்கியில் ஒரு கேனை ஏற்றுவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்றைக்கே சபைத் தலைவர் பிரேபனிடம் போனாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

“நம்ம எண்ணெய் அவர் வீட்டு டிராக்டருக்குப் போகுது, பிரேபன்.”

“கேன்ல என்ன இருந்துச்சுன்னு பாத்தியா?”

“வேற என்ன, பாலா இருக்கும்?”

“பாக்காம ஒரு மனுஷன் மேல பழி போடாத” என்றார் அவர். ஆனாலும் கவனித்துச் சொல்லச் சொன்னார்.

அடுத்த திங்கள் வழக்கம்போல் ஊற்றிவிட்டு, டிராக்டர் நிற்கும் கொட்டகையின் மறுபக்கம் கருவிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். எப்பே வந்து இஞ்சினை முடுக்கினார். முந்தின நாள் மரத்தாங்கியின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த பக்கெட்டைத் தரைக்கு இறக்கினார். இஞ்சினை அணைத்தார். அளவுக்குச்சியை உருவிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கைப்பம்பை எடுத்து, ஊற்றுகிற வாய் வழியாக எண்ணெயை ஒரு கேனுக்குள் இறைக்க ஆரம்பித்தார்.

அவள் வெளியே வந்தாள். “யார் வீட்டுக்கு இது?”

எப்பே திடுக்கிடவில்லை. “நான்தான் கேக்கணும். வாரா வாரம் எதுக்குக் கழுத்து வரைக்கும் ஊத்தி வைக்கிறீங்க? புது ஆளு பாக்குறானா இல்லையான்னு சோதனையா? எண்ணெய் அதிகமாகி ஏதாவது ஒரு ரப்பர் சீல் பிச்சுக்கிட்டா பழி என் மேலதான விழும்.”

“கழுத்து வரைக்குமா? குறைஞ்சதாலதான ஊத்துறேன்.”

“குறைஞ்சுதா? இந்தாங்க, பாருங்க.”

குச்சியில் எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. அவள் நம்பவில்லை. தானே துடைத்து, தானே விட்டு எடுத்தாள். அப்படியேதான் இருந்தது. காலையில் அவள் ஊற்றியது ஒன்றும் அவ்வளவு அதிகமில்லையே. கண் பக்கெட்டின் மேல் போனது.

“அதைத் தூக்குங்க” என்றாள்.

தூக்கினார். இப்போது குச்சியில் எண்ணெய், காலையில் அவள் ஊற்றி நிறுத்திய அளவுக்கே இறங்கியிருந்தது. பாதையில் பனி உருக உப்புத் தூவுகிற இயந்திரத்துக்கு இடம் வேண்டுமென்று, இந்தக் குளிர்காலத்தில்தான் எப்பே பக்கெட்டைத் தூக்கி வைத்து அதற்கடியில் இயந்திரத்தை நிறுத்த ஆரம்பித்திருந்தார். தூக்கினால் எண்ணெய் சிலிண்டர்களுக்குள் ஏறிவிடும். அவள் பக்கெட் மேலே இருக்கும்போதே பார்த்து ஊற்றினாள். அவர் இறக்கிப் பார்த்து எடுத்தார்.

“எடுத்த எண்ணெய்?”

“நகராட்சி குப்பைக் கிடங்குல குடுத்தேன். பம்புல என்ன அழுக்கு இருக்கோ, திரும்ப ஊத்த முடியுமா? வேற எங்க, கடல்லயா கொட்டுவேன்?”

சிட்செலுக்கு முகம் சூடானது. “பிரேபன்கிட்ட சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“திருடுறீங்கன்னு.”

எப்பே குச்சியைத் துடைத்து அதன் இடத்தில் திருகினார். “இப்பவே போன் போடுங்க. நான் கேக்கணும்.”

போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பிரேபன் சிரித்தார், கொட்டகையில் இருந்த இருவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு எப்பே காபியைத் தன் காரில் உட்கார்ந்துதான் குடித்தார். திங்கட்கிழமைகளில் பக்கெட்டை இறக்கிவிட்டு இருவருமாக அளவு பார்ப்பார்கள். அவள் பார்த்ததை அவரும் ஒருமுறை பார்ப்பார். அது வேலை சுத்தமா, அவநம்பிக்கையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தவக்கால நோன்பு தொடங்குவதற்கு முன் ஊரெல்லாம் கிரீம் பன் விற்கும். அவள் ஒரு பெட்டி வாங்கிப் போய் அவர் கார் கண்ணாடியைத் தட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“எத்தனை இருக்குன்னு எண்ணிட்டீங்களா?”

“இல்ல.”

“எண்ணிடுங்க. அப்புறம் எடுத்துக்குறேன்.”

குளிரில் நின்றபடியே அவள் சத்தமாக எண்ணினாள். ஆறு. அவர் இரண்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் கிடந்த கையுறைகளை நகர்த்தி இடம் விட்டார்.