தூசி இருமல்

நாலாவது திருகு சுழன்றுகொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அத்தான், மனைவியின் தங்கையிடம் திருப்புளியைக் கொடுத்திருந்தார். “என்னால முடியல. தொட்டிலை நீயே பிரிச்சிடும்மா.”

பிறந்து முப்பத்தெட்டு நாள். தடுப்பூசிக்கு இன்னும் நாள் இருந்தது. பிள்ளை பெரிதாக இருமக்கூட இல்லை. பால் குடிக்கும்போது மூச்சை நிறுத்தியது, நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் நிறுத்திய மூச்சு திரும்பவில்லை. கக்குவான் இருமல் என்ற பரிசோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது.

அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் மூத்தவள், நான்கு வயது.

“அது எப்படிடி உள்ள போகும்? லேப்ல இருக்கிறவதானே நீ, சொல்லு.”

“இருமுறவங்க மூச்சுல வரும்க்கா.”

“வந்தா?”

“மூச்சுக்குழாய்க்குள்ள பொடிப்பொடியா மயிர் மாதிரி இருக்கும். அசைஞ்சு அசைஞ்சு சளியை மேல தள்ளிக்கிட்டே இருக்கும். இந்தக் கிருமி நேரா வந்து அதைத்தான் பிடிச்சுக்கும். அப்புறம் அது அசையாது.”

“இருமினா போயிடாதா?”

“போகாது. ஒட்டினா விடாது.”

“அந்த டெய்லரம்மாதான். அன்னைக்குப் பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு லொக்கு லொக்குன்னு இருமினாளே. இனி இந்த வாசலை மிதிக்கட்டும், பார்த்துக்கிறேன்.”

தங்கைக்குத் தொண்டையில் அரிப்பு ஏறியது. விழுங்கினாள்.

மூன்று வாரமாக அவளுக்கு இருமல். மாதிரிகளில் பட்டுவிடக் கூடாதென்று ஆய்வகத்தில் நாள் முழுக்க முகக்கவசத்தோடு இருந்தாள். அக்கா வீட்டு வாசலில் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள்.

“திருட்டுத்தனமா சிகரெட் பிடிக்கிறியா?” என்று அத்தான் கேலி செய்தார்.

“தூசி அத்தான். உங்க வீட்டை ஒழுங்காப் பெருக்கினா போயிடும்.”

வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று மருத்துவர் கேட்டபோது அக்காவே பதில் சொன்னாள். “தங்கச்சிக்கு. அது வெறும் தூசி.”

முந்தாநாள் தங்கை தன் மூக்கிலிருந்து தானே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தாள். இன்று காலை முடிவு கைபேசிக்கு வந்தது. படித்துவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டவள் பிறகு எடுக்கவேயில்லை.

திருகு கழன்று உருண்டது. அதே நேரம் கதவு தட்டப்பட்டது.

“நான்தாம்மா, டெய்லர். ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடுறேன்.”

“திறக்காதே,” என்றாள் அக்கா.

வெளியே நின்ற டெய்லரம்மா போகவில்லை. கதவின் அடியில் செருப்புகளின் நிழல் தெரிந்தது.

மூத்தவள் இருமினாள். ஒரே ஒரு முறை, வறட்டு இருமல்.

“உனக்கும் தூசியாடி?” அக்கா அவள் முதுகைத் தடவினாள். “சித்தி தொட்டிலைப் பிரிச்சு வீடெல்லாம் தூசி.”

தங்கை திருப்புளியைக் கீழே வைத்தாள். தன் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்தாள். இரண்டு காதிலும் மாட்டி, மூக்கின் மேல் கம்பியை அழுத்திவிட்டாள்.

“வீட்டுக்குள்ள எதுக்குடி அது?”

அவள் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். டெய்லரம்மா கையில் மடித்த சின்னச் சட்டையோடு நின்றாள். உள்ளே வரவில்லை, அக்காவையே பார்த்தாள்.

மகளின் முதுகில் அக்காவின் கை பாதியில் நின்றிருந்தது.