அட்டையில் வெட்டிய மதர்போர்டு

என் தம்பிக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. பசித்தால்கூட அடுப்படிப் பக்கம் நாலு தடவை நடப்பானே தவிர வாயைத் திறக்க மாட்டான். எனக்கோ பொறுமை என்ற சரக்கே கிடையாது. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ஒரு மதர்போர்டு தேர்ந்தெடுக்கக் கிளம்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அரை பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதற்குள், ஆட்டத்தின் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு இரண்டு. ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கீபோர்டு. ஒரே இயந்திரத்தை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டு, வேலைவிட்டு வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவோம். அந்த மேசையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பெரியம்மா மகன் என் கீபோர்டில் டீயைக் கவிழ்த்த அன்று நான் போட்ட சட்டம் அது.

பெட்டிக்குள் எல்லாப் பாகங்களையும் தாங்கும் பழைய மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. மேலே இருந்த கார்டு காற்றுக்கு வழியில்லாமல் கொதித்தது. முக்கியமான கட்டத்தில் ஆட்டம் திக்கித் திக்கி நின்றுவிடும். போர்டை மாற்றியே தீருவது என்று முடிவுசெய்தோம். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவனுக்குக் கல்யாணமும் நிச்சயமானது.

நான் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஆலையில் மாதிரிப் பெட்டிகள் வெட்டுகிறவள். எதையும் முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. இணையத்தில் பிடித்த போர்டின் அளவைப் பார்த்து அட்டையில் வெட்டினேன். ஸ்லாட் இருக்கும் இடங்களில் கீறல் போட்டேன். கார்டுகளுக்குப் பதிலாகத் தடித்த அட்டையில் இரண்டு சின்னப் பெட்டி செய்து செருகினேன்.

"பாருடா, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம்! கையே உள்ள போகுது."

அவன் குனிந்து, இரண்டாவது கார்டுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தான். "கீழ இடம் பத்தாதுக்கா."

"கீழ எதுக்குடா இடம்? பாய் விரிச்சுப் படுக்கப் போறியா?"

"இல்ல... வேற ஒண்ணு பாப்போமே."

வேறு ஒன்று வெட்டினேன். அதற்கும் அதே பதில். நான் நடுவில் அளந்தால் அவன் கீழே அளந்தான். அடுத்ததையும் அவன் உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சொல்லித் தொலைடா! கல்யாணம் ஆனப்புறம் அக்காகூட உக்காந்து விளையாட முடியாது, அதானே? உன் கார்டைக் கழட்டி எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

அவன் முகம் சுண்டிப்போனது. "அதில்லக்கா," என்றான். எதில்லை என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகட்டும், எல்லாத் தம்பிகளும் போகிறவர்கள்தான். ஆனால் நான் இனி யாரைப் பார்த்து, "டேய், பின்னாடி வர்றான் பாருடா!" என்று கத்துவது? மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு கார்டு மட்டும் பொருந்துகிற சின்ன போர்டுக்கு அட்டை வெட்ட உட்கார்ந்தேன்.

வெட்டி முடிக்கும்போது அழைப்புமணி அடித்தது. அவனுக்கு நிச்சயமான பெண் நின்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அன்றும் கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். கையில் துவாலையில் சுற்றிய ஒரு பொட்டலம். அவளுக்குப் பின்னால் என் தம்பி, சட்டைப் பொத்தானைத் திருகியபடி.

"அண்ணி, இவர் சொல்ல மாட்டார். அதான் நானே வந்துட்டேன்."

என்னை யாரும் அதுவரை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. நகர்ந்து வழிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து துவாலையைப் பிரித்தாள். உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு. பழசுதான், ஆனால் மின்விசிறி இறக்கைகளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"என்னோடது அண்ணி. நானும் விளையாடுவேன். உங்க மேசையில மூணாவது ஆளுக்கு இடம் இல்லன்னு இவர் சொன்னார். நான் ஓரமா உக்காந்துக்கறேன்."

தம்பி பக்கம் திரும்பினேன். "இதுக்குத்தான் கீழ இடம் தேடினியா?"

"ம்."

"வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

"நீ திட்டுவேன்னு..."

"இப்ப மட்டும் கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?"

அவள் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். "இதுல ஒரு கீறல்தான் இருக்கு. ஒரு கார்டுக்கு மட்டும் வெட்டியிருக்கீங்க?"

"கத்தி கூரா இருக்கான்னு பார்த்தேன்," என்று அதைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்துப் போட்டேன். தம்பிக்குப் புரிந்துவிட்டது. போய் அடுப்படி நாற்காலியைத் தூக்கிவந்து மேசையோரம் போட்டான்.

நான் அதை இழுத்து, என் நாற்காலிக்கும் அவன் நாற்காலிக்கும் நடுவில் போட்டேன். பிறகு அவளுடைய கார்டை வாங்கி, நீளம், அகலம், தடிமன் எல்லாம் அளந்து, அட்டையில் மூன்றாவது பெட்டியை வெட்ட ஆரம்பித்தேன்.

"உக்காரும்மா," என்றேன். "டீயை மட்டும் தள்ளி வை."