பிரியாணிக்கு மேல் ஒரு சரிவு

கல்யாணத்தன்று காலை மணப்பெண் ஜுவேரியா ராயப்பேட்டைச் சந்துக்கு இறங்கி வந்து, பிரியாணி அண்டாக்களுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயைப் பார்த்தாள். அது தட்டையாக இருந்தது.

"மாமா, சரிவா கட்டுங்க. தண்ணி தேங்கிக் கிழிஞ்சா முந்நூறு பேர் சாப்பாடு போயிடும்."

"முப்பது வருசமா இப்டித்தான் கட்றேன். மழை இன்னா புதுசாவா பெய்யுது?" என்றார் பந்தல்காரர் வலியுல்லா.

"ஆமா மாமா. காத்து ஒரு டிகிரி சூடானா, ஏழு சதவீதம் அதிகமா ஈரத்தைத் தூக்கி வெச்சுக்கும். கொட்டும்போது அதையும் சேர்த்துத்தானே கொட்டும்? முப்பது வருசத்துக்கு முன்னாடி இவ்ளோ சூடு இல்லையே."

மருதாணிக் கையால் அவளே கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

"கல்யாணப் பொண்ணு கயிறு இழுத்தா எனக்குத்தான் கெட்ட பேரு. உடும்மா, நானே கட்றேன்!"

பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை ஃபராஸ் சந்துக்குள் நுழையும்போது மழை கொட்டித் தீர்த்தது. அண்டாக்களில் ஒரு சொட்டும் விழவில்லை. தார்ப்பாயில் சரிந்த தண்ணீர் முழுவதும் ஃபராஸின் தலையில் அருவியாக விழுந்தது.

"எவ்ளோ மழை வரும்னு சொன்னியே, எங்க விழும்னு சொன்னியா?" என்று வாசலில் நின்ற ஜுவேரியாவைப் பார்த்துச் சிரித்தார் வலியுல்லா.

நனைந்த ஷேர்வானியோடு முதல் தட்டு பிரியாணியை ஃபராஸே வாங்கிக்கொண்டான்.