புகை டப்பாக்காரிகள்

குர்ஆனின் முப்பது பாகப் புத்தகங்களை வந்திருந்த பெண்களுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்த ஜர்குனாவின் கை பாதியில் நின்றது. கூடத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் பதினொரு பேர்தான். தங்கை மாஜபீன் போய் இன்று மூன்றாம் நாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குள், இறந்தவளுக்காக முழுக் குர்ஆனையும் ஓதும் கத்தத்தை முடித்தாக வேண்டும்.

"மீதிய யாருடி ஓதுவா, நீயா?" என்றாள் ஹுமைரா சித்தி.

ஜர்குனாவுக்கு எழுத்து தெரியாது. அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது காபூலில் பள்ளிக்கூடம் ஏது, ராக்கெட்தான். ஒன்று தெருவில் விழுந்ததில் மாஜபீனுக்கு முன்பல் இரண்டு போனது. அன்றிலிருந்து அவளுக்கு 'ஸ' வராது. சித்தியைக்கூட 'ஷித்தி' என்றுதான் கூப்பிடுவாள். பின்னாளில் அவள் மட்டும் எப்படியோ படித்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் ஒரு பை ரொட்டியோடு கிளம்புவாள். எங்கே என்றால், "காத்து வாங்க" என்பாள். பை நிறைய ரொட்டி எதற்கு என்பது ஜர்குனாவுக்குப் பல வருஷக் குடைச்சல்.

வாசலில் புகை வாசனை. திருஷ்டி கழிக்கும் புகை டப்பாவோடு கார்களின் பின்னால் ஓடும் தெருப்பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு சிறுமிகள்.

"இழவு வீட்டயும் விடமாட்டாளுங்க. எதையாவது குடுத்து அனுப்பு" என்றாள் சித்தி.

முன்னால் நின்றவள் தலையாட்டினாள். "சோறு வேணாம் அக்கா. ஓதுற புத்தகம் குடுங்க. டீச்சருக்கு ஓதணும்."

"எந்த டீச்சர்?"

அந்தப் பெண் ஜர்குனாவை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்க வீட்டு டீச்சர்தான். ரொட்டிக் கடைக்குப் பின்னால, மாவு மூட்டை மேல உக்காந்து படிப்போம். முதல்ல ரொட்டி, அப்புறம்தான் எழுத்து. பொண்ணுங்க படிக்கிறது தெரிஞ்சா ஆபத்து, வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்ட சொன்னா சித்திக்குத் தெரிஞ்சிரும்னாங்க."

ஹுமைரா சித்தி தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள்.

டப்பாக்களை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே குழாயடிக்குப் போய்க் கைகால் முகம் கழுவி ஒளு செய்தார்கள். தண்ணீர் கரியாக ஓடியது. சிலர் இரண்டு புத்தகமாக எடுத்துக்கொண்டார்கள். ஜர்குனாவின் மடி காலியானது.

"பிஷ்மில்லாஹ்..." என்று தொடங்கினாள் ஒருத்தி. அடுத்தவளும் பிஷ்மில்லாஹ். எல்லோரும்.

"என்னடி இது, ஒருத்திக்கும் 'ஸ' வரலியே. திருத்துங்கடி யாராவது."

"இருக்கட்டும் சித்தி."

ஜர்குனா எழுந்து போய், மூன்று நாளாகச் சாத்திக் கிடந்த மாஜபீனின் அறைக் கதவைத் திறந்து வைத்தாள்.