ஃப்ரைக்காக நடந்த வேலைநிறுத்தம்

எங்கள் ஊர் ஓட்டல்களில் வினைச்சொற்கள்தான் வேலை பார்க்கின்றன. அரை வந்து நின்றால் மாவு அரைபடும். அவி வந்தால் இட்லி வேகும். அவற்றுக்குச் சங்கம் அமைத்தவன் நான். வார விடுமுறை வாங்கித் தந்தவனும் நான்தான். அந்த விடுமுறையில் சினிமாவுக்குப் போகிறவை இன்று என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுகின்றன. போகட்டும்.

ஓட்டல் முதலாளி சௌந்தரபாண்டி ஒரே காலையில் வறு, பொரி, வதக்கு மூன்றையும் நிறுத்திவிட்டு, ஃப்ரை என்ற ஆங்கில வினையை வேலைக்கு எடுத்தார். மூன்றின் வேலையையும் அது ஒன்றே பார்க்கும் என்றார். மீனும் முட்டையும் நன்றாகவே வந்தன. உப்புமாவுக்கு ரவையை வறுக்கும் இடத்தில் ஃப்ரை போய் நின்றது. ரவை ஒரு சட்டி எண்ணெயில் இறங்கிவிட்டது. அன்றே அதை நீக்கினார்.

ஃப்ரை சங்க அலுவலகத்துக்கு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தது.

“எங்க ஊர்ல எனக்கு முன்னால ‘டீப்’னோ ‘ஸ்டிர்’னோ ஒரு வார்த்தை நின்னு எண்ணெய் அளவு சொல்லும், தோழர். இங்க தனியா விட்டுட்டாங்க. இந்த வேலை போனா நான் எங்க போவேன்?”

ஆங்கிலப் பலகைகளில் தார் பூசி மூன்று முறை சிறை சென்றவன் நான். பொருளாளர் கன்னியப்பன் சிரித்தார்.

“என்ன தோழர், வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?”

“வெள்ளைக்காரன் போயாச்சு. இது அவன் விட்டுட்டுப் போன கூலியாள்.”

துண்டறிக்கையை நானே எழுதினேன். ஃப்ரைக்கு வேலை வேண்டும். ரவைக்கு வறு, அப்பளத்துக்குப் பொரி, வெங்காயத்துக்கு வதக்கு திரும்ப வேண்டும். மறுநாள் எல்லா வினைகளும் வெளியே வந்து பந்தலில் அமர்ந்தன. நீக்கப்பட்ட மூன்றும் நகர்ந்து ஃப்ரைக்கு நடுவில் இடம் விட்டன. எரி மட்டும் கேஸ் கம்பெனி ஆள் என்பதால் உள்ளேயே இருந்தது. அடுப்பு எரிந்தது. தண்ணீர் அதன் மேல் சும்மா இருந்தது.

மதியம் சௌந்தரபாண்டி இறங்கி வந்தார்.

“நீங்க ஜெயிச்சீங்கய்யா. பேப்பரைக் குடுங்க.”

“ஃப்ரை?”

“மீனுக்கும் முட்டைக்கும் அதுதான். மத்ததுக்குப் பழைய ஆளுங்க.”

முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு முதலாளி வாசலுக்கு வந்து என்னிடம் காகிதம் கேட்டது அதுவே முதல் முறை. நீட்டினேன். அவர் பேனாவைத் திறந்து தாளில் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் கையெழுத்திடு, யாரும் அழைக்காமலே வந்து ஆதரவாகக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தது. ஒரு நிமிடம் மட்டும் வேலைக்குப் போய்வர முடியுமா என்று கேட்டேன்.

“கருங்காலி ஆகச் சொல்றீங்களா, தோழர்?”

என் நெஞ்சு நிமிர்ந்தது. அதற்கு மோர் கொடுக்கச் சொன்னேன். வேலை உறுதியான ஃப்ரை எழுந்து, நடுவிலிருந்த தன் இடத்தை அதற்குக் கொடுத்தது.

இது மூன்றாவது வாரம். சௌந்தரபாண்டி பேனாவைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறார். பிடி இன்னும் எங்கள் சங்கத்தில் சேரவில்லை.